கெத்சி கை வைத்தால்

"நான் ஜெபம் பண்ணினா ஆள் செத்துப்போயிருது, டீச்சர்."

சொன்னவள் கெத்சி. பிளஸ் ஒன் படிக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்தவர் ஞானசெல்வம் டீச்சர். அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாடம் எடுப்பவர். பிள்ளைகளைச் சேவைக்கு அனுப்புகிற பொறுப்பும் அவர் தலையில்தான்.

டீச்சர் பேனாவை மூடினார்.

"எத்தனை பேர்?"

"நாலு."

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் பிளஸ் ஒன் பிள்ளைகள் ஊருக்கு வெளியே இருக்கிற நோயாளிகள் இல்லத்துக்குப் போவார்கள். டாக்டர்கள் கைவிட்டவர்களை வைத்துப் பார்க்கிற இடம் அது. படுக்கையைத் தட்டிப் போட வேண்டும். கஞ்சி ஊட்ட வேண்டும். கிளம்பும்போது ஒருவர் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி, அவர் பெயரைச் சேவை அட்டையில் எழுதி வர வேண்டும். எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்தாரோ தெரியாது.

கெத்சியின் அட்டையில் நாலு பெயர். நாலு பேரும் அந்தந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"கிளாஸ்ல என்னைச் சங்காரத்தூதன்னு கூப்பிடுதாங்க."

எகிப்தில் தலைச்சன் பிள்ளைகளைக் கொன்று போன தூதன் அது. வேதபாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைக்கச் சொல்லியா தர வேண்டும்.

"அது சாகப் போறவங்க இருக்க இடம், பிள்ளே. யார் ஜெபம் பண்ணினாலும் சாகத்தான் செய்வாங்க."

"புத்திக்குத் தெரியுது, டீச்சர். கைக்குத் தெரிய மாட்டேங்குது."

வலது கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். வீட்டில் தங்கச்சிக்குத் தலை பின்னிவிடுவதைக்கூட நிறுத்திவிட்டாளாம்.

"போன வாரம் உள்ள போனேன். ஒரு தாத்தா என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டார்."

"சரி, இன்னைக்குப் போகாத."

"அதான் டீச்சர் பிரச்சினை. அங்க படுத்திருக்க செல்லக்கனி அத்தை நர்ஸ்கிட்ட சொல்லி விட்டிருக்காங்க. நான்தான் வந்து ஜெபம் பண்ணணுமாம். வேற யாரும் வேண்டாமாம்."

"எதுக்காம்?"

"எதுக்கா இருக்கும்? வலி தாங்கல. சீக்கிரம் போயிரணும்னு கூப்பிடுதாங்க." கெத்சி துப்பட்டாவைக் கையில் இன்னும் இறுக்கிச் சுற்றினாள். "என்னால முடியாது, டீச்சர். எனக்குப் பயமா இருக்கு."

டீச்சர் வேத வசனம் எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். சேலையை ஒதுக்கிக்கொண்டு கெத்சியின் முன்னால் முழங்கால் போட்டார்.

"எனக்குப் பண்ணு."

"ஐயோ, டீச்சர். வேண்டாம்."

"பண்ணு பிள்ளே. முழங்கால் வலிக்குது."

கெத்சி கையை வெளியே எடுத்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஒரே மூச்சில் ஜெபித்து ஆமென் போட்டுவிட்டாள்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"கையை எங்க வச்ச?"

கெத்சி கண்ணைத் திறந்து பார்த்தாள். கை டீச்சர் தலைக்கு மேலே நாலு விரற்கடை தள்ளி, அந்தரத்தில் நின்றது.

"மறுபடியும் பண்ணு."

இந்த முறை வைத்தாள். வைத்த உடனே தெரிந்துவிட்டது. டீச்சரின் நெற்றி வேர்த்திருந்தது.

"டீச்சர், உங்களுக்குப் பயமா இருக்கு."

"ஆமா. என் மகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். பயமாத்தான் இருக்கு. நீ ஜெபி."

கெத்சி ஜெபித்தாள். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. ஆமென் டீச்சர்தான் சொன்னார்.

"திங்கட்கிழமை வருவீங்களா, டீச்சர்?"

"எனக்கென்ன தெரியும்? நாலு மணி பஸ் போயிரும். கிளம்பு."

பஸ்ஸில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. இல்லத்தின் வாசலில் இறங்கியபோது திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடினால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். உள்ளே போனாள்.

செல்லக்கனி கடைசிக் கட்டிலில் இருந்தாள். நாற்பத்தைந்து வயதுதான். இட்லிக் கடை வைத்து மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். இப்போது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு கிடந்தாள்.

"வந்துட்டியா மக்கா. கிட்ட வா."

கெத்சி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, என்னைப் பத்தி இங்க என்ன பேசுதாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சுமா கூப்பிட்டீங்க? சாகணும்னா கூப்பிட்டீங்க?"

செல்லக்கனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாகணும்னு யாராவது ஆசைப்படுவாங்களா, கிறுக்கி. நீ வருவேன்னு காலையில இருந்து எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு கெடக்கு."

"பின்ன எதுக்கு?"

"உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வாரம் தவறாம வருது. நல்ல பிள்ளைங்கதான். ஜெபிக்கும்போது கை தலைக்கு மேலயே நிக்கும். தலையில படாது. கண்ணை மூடியிருக்கதால எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பக்கத்துக் கட்டில் தங்கபுஷ்பத்துக்கு நீ வச்சதைப் பார்த்தேன். முழுக் கையையும் வச்ச."

"தங்கபுஷ்பம் அத்தை மறுநாளே போயிட்டாங்க."

"போயிட்டா. நாலு மாசமா ஒருத்தரும் ஆசையாத் தொடல அவளை. உன் கை பட்ட அன்னைக்குத்தான் அழுதா."

கெத்சி கம்பியை விட்டாள். பக்கத்தில் வந்தாள். அந்த முடி கொட்டிய தலையில் கையை வைத்தாள்.

"அத்தை, கை நடுங்குது."

"நடுங்கட்டும். எடுத்துராத."