மலையன் விழுங்கிய பதில்

அந்தக் காலத்தில் நாய்க்கும் பேச்சு உண்டு. வாசலுக்கு வருகிறவர்கள் "கடிப்பியா?" என்று நாயிடமே கேட்டுக்கொள்வார்கள். கடிக்கிற நாய் "கடிப்பேன்" என்று சொல்லிவிடும். நாய்க்குப் பொய் மட்டும் வராது.

மலையடிவாரத்தில் ஆடு வளர்த்த பேச்சியிடம் மலையன் என்றொரு நாய் இருந்தது. இன்றைய கோம்பை, ராஜபாளையம் நாய்களுக்கெல்லாம் பாட்டன். கன்றுக்குட்டி உயரம், உலக்கை போல் கால். யார் கேட்டாலும், "நான் ஒருத்தரையும் கடிச்சதில்லையே" என்று வாலாட்டும். ஆட்டுக்குட்டிகள் அதன் முதுகில் ஏறித் தூங்கும். எனக்கு அந்த நாயை ரொம்பப் பிடிக்கும்.

ஒருநாள் சிறுத்தை வந்து அதே கேள்வியைக் கேட்டது. மலையனும் அதே பதிலைச் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு சிறுத்தை காட்டுக்குள் போய்விட்டது.

பேச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "உன் வாயாலதான்டா குட்டி போச்சு. ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? நாளைக்கும் வரும். இந்த ஆடுங்களும் போச்சுன்னா எம்புள்ள கஞ்சிக்கு நான் எங்க போவேன்?"

"எனக்குப் பொய் சொல்ல வரலையே ஆத்தா."

"பொய்யா சொல்லச் சொன்னேன்? சும்மா இருந்து தொலையேன்."

மறுநாள் சாயங்காலம் சிறுத்தை வந்தது. "என்ன மலையா, கடிப்பியா?"

மலையன் பட்டி வாசலை மறித்து நின்றது. நாக்கு நுனிவரை வந்த பதிலை அப்படியே விழுங்கியது. சிறுத்தை இன்னொரு தரம் கேட்டது. பதில் வராமல் போகவே, அப்போதுதான் அந்தத் தோளையும் தாடையையும் பல்லையும் நன்றாகப் பார்த்தது. வந்த வழியே திரும்பி ஓடியது.

நாய்க்குப் பயந்து ஓடிவந்தேன் என்று காட்டில் சொல்ல முடியுமா? "அது ரெண்டு புலியைக் கிழிச்சுப் போட்டதை நானே பார்த்தேன்" என்று அளந்துவிட்டது. கேட்ட நரி ஒரு வழிப்போக்கனிடம் சொல்ல, அவன் ஊருக்குள் சொல்லும்போது புலி ஐந்தாகியிருந்தது. ஒருவரையும் கடிக்காமலே மலையனுக்கு அப்படியொரு பேர்.

பேச்சியின் மகள் செல்லக்கிளி மட்டும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ கடிப்பியா மலையா?" என்று கேட்டாள். ஒரு சொல் சொன்னாலும் காற்று அதைக் காட்டுக்குக் கொண்டுபோய்விடும். மலையன் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெரிய தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டது. ஆடுகளுக்காகப் பேச்சையே விட்டுக்கொடுத்த ஜீவன், வேறு எப்படிச் சொல்லும்?

மலையனைப் பார்த்து மற்ற நாய்களும் பேச்சை விட்டுவிட்டன. அன்று முதல்தான் பெரிய நாயைக் கண்டவர்கள் வாசலிலேயே நின்று, "நாய் கடிக்குமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்கிறார்கள். "ஒண்ணும் செய்யாது, வாங்க" என்கிறார் அவர். ஒருவரும் நம்புவதில்லை. பதில் தெரிந்த நாயோ, இன்றுவரை வாயைத் திறப்பதில்லை.