செம்பனைப் போகச் சொன்ன தினையாள்

அந்தக் காலத்தில், கல்லும் உலோகமும் வாய் திறந்து பேசிய காலத்தில், கண்ணுக்குத் தெரியாத பொடி உயிர்கள் குளிர்ந்த குளத்தில்தான் குடியிருந்தன. அவற்றுக்கு உடம்பேதான் வீடு. வீடு சிறிதென்றாலும் மனசு பெரிது. வாசல் தாண்டி வந்துவிட்டவரைப் பார்த்து "போ" என்று சொல்லக் கூடாது, உயிரே போனாலும் சொல்லக் கூடாது என்பது அந்தக் குலத்தின் கட்டுப்பாடு.

ஒரு கோடையில் யானைகளும் எருமைகளும் குளத்தை ஒட்ட உறிஞ்சிவிட்டன. தினையாளும் அவள் கணவன் கூழானும் மிஞ்சிய உறவினர்களோடு நெருப்பு மலையின் மடுவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மகள் கடுகி அப்போது தினையாளின் உடம்பிலிருந்து இன்னும் பிரியாத பிள்ளை. மடுவில் தண்ணீர் கொதித்தது. புளிப்போ, எலுமிச்சையே முகம் சுளிக்கும் புளிப்பு. வேறு போக்கிடம் ஏது? தோலைத் தடிக்க வைத்துக்கொண்டு கிடந்தார்கள், பழகிவிட்டது. பசிக்கு மடுவோரத்து மஞ்சள் பாறையைக் கொறித்தார்கள். பல் இருந்ததா என்று கேட்காதீர்கள், பசி இருந்தது.

அந்தப் பாறைக்குள் செம்பு உலோகமாகிய செம்பன் தூங்கிக்கொண்டிருந்தான். சுவர் இடிந்ததும் எழுந்து வந்து கூழானின் வாசலில் நின்றான்.

"என் வீட்டத் தின்னுட்டீங்க. நான் எங்க போவேன்? உள்ள வரலாமா?"

கூழானுக்கு அது நியாயமாகப் பட்டது. "வாங்க, உக்காருங்க" என்றான்.

செம்பன் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் உட்கார்ந்த இடம் உருப்படவில்லை. உள்ளே நடந்துகொண்டிருந்த வேலையெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. கூழான் துவண்டான்.

"போகச் சொல்லுங்களேன்" என்று தினையாள் கெஞ்சினாள்.

"சொல்ல நாக்கு வரல, தினை."

அதோடு அவன் உயிர் போனது.

செம்பன் தலையைக் குனிந்தபடி தினையாளின் வாசலுக்கு வந்தான். அவள் வாய் திறக்குமுன் உள்ளே வந்துவிட்டான். அவளுக்கு உடம்பு கனத்தது. உறவினர்கள் சுற்றி நின்று அவள் வாயையே பார்த்தார்கள்.

"அம்மா, எனக்குக் கால் மரத்துப்போச்சு" என்றாள் கடுகி.

தினையாளுக்குப் பயமாக இருந்தது. கட்டுப்பாட்டை மீறினால் உறவு இல்லை, மீறாவிட்டால் பிள்ளை இல்லை. தன் உடம்பின் பின்பக்கத்தில் ஒரு வாசலைக் கிழித்தாள்.

"போ."

செம்பன் நம்பாமல் பார்த்தான். "வந்தவனையா போகச் சொல்ற?"

"ஒன்னத்தான். போ."

முழுப் பலத்தோடு அவனைத் தள்ளினாள். அவன் வெளியே விழுந்து அழுத அழுகையில் மடு நீலமாயிற்று. கடுகி காலை அசைத்தாள். உறவினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பித் தங்களுக்கும் பின்வாசல் கிழித்துக்கொண்டார்கள்.

"நாமதானேம்மா அவரு வீட்ட இடிச்சோம்?" என்றாள் கடுகி.

தினையாளுக்கு நெஞ்சு வலித்தது. பசித்தது, மறுபடி பாறையைக் கொறித்தாள்.

அன்று முதல்தான் அந்தப் பொடி உயிர்கள் கொதிக்கும் புளிப்பு நீரில் பாறையைத் தின்பதும், செம்பு உள்ளே வர வர வெளியே தள்ளுவதும், மலையடி ஓடை நீலமாக ஓடுவதும். அந்த நீரிலிருந்து செம்பனை எடுத்து வந்த மனிதர்களுக்குத்தான் மனசு கேட்கவில்லை. யார் வாசலுக்கு யார் வந்தாலும், முதலில் தண்ணீர்ச் செம்பாகிவிட்ட அவன் கையால்தான் தண்ணீர் கொடுக்கிறார்கள்.