தயிர்ப் பானையை ஏன் கிண்டுவதில்லை

“ஏய் அகப்பை, என்ன சும்மா கெடக்க? கிண்டுடா!”

மத்து கத்திய கத்தலில் தொழுவத்தில் நின்ற எருமை திடுக்கிட்டுத் திரும்பியது.

அந்தக் காலத்தில் மத்துக்கும் அகப்பைக்கும் எருமைக்கும் வாய் இருந்தது. பாலுக்குள் மிதக்கிற, கண்ணுக்கே தெரியாத துகள்களுக்குக்கூட வாய் இருந்தது. ஆனால் மத்து பேசினால் மற்ற எல்லோரும் மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் உயரமாம். தூணோடு சேர்த்துக் கட்டி நிமிர்த்தி வைத்தால் யார்தான் உயரமாக இருக்க மாட்டார்கள்?

நடந்தது இதுதான். அந்த வீட்டுக்காரி ஒச்சம்மா காலையில் பாலைக் காய்ச்சி ஆறவைத்து உறைமோர் ஊற்றுவாள். அவள் அந்தப் பக்கம் போனதும் மத்து அகப்பையை ஏவிவிடும். அகப்பை கிண்டும். கிண்டக் கிண்டப் பால் திரிதிரியாகப் பிரிந்து மேலே தண்ணீர் நிற்கும். ஊரில் எல்லா வீட்டுப் பானையும் அப்படித்தான். ஆனால் யாரும் மத்தைத் திட்டவில்லை. அவரவர் மாட்டைத் திட்டினார்கள்.

“நான் சரியாத்தான் வேலை வாங்குறேன் தாயீ. காரியோட பாலு கெட்ட பாலு” என்று மத்து தினமும் ஓதியது. ஒச்சம்மாவும் நம்பிவிட்டாள். காரி என்பதுதான் அந்த எருமையின் பெயர். இன்று சாயங்காலம் மாட்டுத் தரகர் வருகிறார். இன்றைய பானையும் பிரிந்துபோனால் காரியை அடிமாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

இது நியாயமா? வெயிலில் அலைந்து மேய்ந்து பாலைக் கொடுத்தது காரி. கெடுத்தது யாரோ, கத்தி மட்டும் காரி கழுத்துக்கா?

அகப்பை பானைக்குள் இறங்கி ஒரு சுற்று சுற்றப் போனது.

“அண்ணே, தொடாத!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல். வெள்ளச்சி என்கிற பால் துகள். தூசியைவிடப் பொடி, ஆனால் வாய் பெரிசு. “நாங்க கை கோக்கப் போறோம். அதுக்குள்ள வந்து கலைக்கிறியே, ஒனக்கு வேற பொழப்பே இல்லையா?”

“கை கோக்கப் போறீங்களா? யாரு சொல்லிக் குடுத்தா?” என்றது அகப்பை.

“எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்? எங்க எல்லார் மேலயும் ரோமம் இருக்கு. அதான் ஒருத்திய ஒருத்தி ஒட்டவிடாமத் தள்ளுது. மோரோட புளிப்பு ஏற ஏற ரோமம் படுத்துரும். படுத்ததும் பக்கத்துல இருக்கவ கையப் புடிப்போம், அவ அடுத்தவ கையப் புடிப்பா. அப்படியே பானை முழுக்க வலை. தண்ணியெல்லாம் அந்த வலைக்குள்ள நிக்கும். கொத்தனாரும் வேணாம், மேஸ்திரியும் வேணாம்.”

“அப்ப இத்தன நாளு ஏன் பிரிஞ்சுச்சு?”

“புடிச்ச கைய நீதான பிச்சுவிட்ட! வலை அந்தா, தண்ணி இந்தான்னு போச்சு. அவ்வளவு இறுக்கமான புடி இல்ல அண்ணே எங்க புடி. தொடாம இருந்தாத்தான் நிக்கும்.”

அகப்பைக்கு முகம் செத்துவிட்டது. மத்து மேலிருந்து உறுமியது. “அங்க என்னடா பேச்சு? எவனும் ஏவாம எந்த வேலையும் நடக்காது. கிண்டலைன்னா அடுப்புல போயிக் கெடப்ப. சிரட்டை நல்லா எரியும், தெரியும்ல?”

அகப்பையின் தலை தேங்காய்ச் சிரட்டைதான். அதற்குத் தெரியாதா? காரி தொழுவத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றது. கெஞ்சக்கூட இல்லை. “என்னமோ செய்யி. ஆனா என் பாலக் கெட்ட பாலுன்னு மட்டும் சொல்லாத” என்றது.

அகப்பை பானையிலிருந்து மெல்ல எழுந்து வெளியே வந்து தரையில் படுத்துக்கொண்டது. மத்து கத்தியது, மிரட்டியது, பிறகு அகப்பையின் பரம்பரையையே இழுத்தது. அகப்பை அசையவே இல்லை. பானைக்குள் எந்தச் சத்தமும் இல்லை. வேலை நடக்கிற இடம் அப்படித்தான் இருக்கும்.

சாயங்காலம் தரகர் வந்தார். ஒச்சம்மா அலுத்துக்கொண்டே மூடியைத் திறந்து, தண்ணீரை வடிப்போம் என்று பானையைச் சாய்த்தாள். எதுவும் வழியவில்லை. இன்னும் சாய்த்தாள். வெள்ளைவெளேரென்று அப்படியே நின்றது. விரலால் அமுக்கினால் குழிந்தது.

“என்னத்தா இது, கத்திய வச்சு அறுக்கலாம் போல இருக்கு!” என்றார் தரகர். “இந்த மாட்டையா விக்கிறேன்ன?”

“நான் எப்பண்ணே விக்கிறேன்னேன்?” என்றாள் ஒச்சம்மா, கூசாமல்.

காரி மூக்கால் ஒரு சத்தம் விட்டது, அவ்வளவுதான். ஆனால் மத்துக்கு வெட்கம் என்ற ஒன்று இருந்தால்தானே?

“பாத்தியா தாயீ, இன்னைக்கு நின்னு வேலை வாங்குனேன். விடாமக் கிண்ட வச்சேன். அதான் இப்படி இறுகியிருக்கு!”

ஒச்சம்மா அகப்பையைத் தூக்கிப் பார்த்தாள். ஒட்டிய பால் காலையிலேயே காய்ந்து பொருக்காகியிருந்தது.

“கிண்டுனியா?”

“இல்ல ஆத்தா. அதுகளே கட்டிக்கிருச்சு.”

அன்று முதல்தான் உறை ஊற்றிய பானையை மூடி, ஒரு மூலையில் அசையாமல் விட்டுவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். மத்து இன்றைக்கும் தானில்லாமல் தயிரே இல்லை என்றுதான் சொல்லும், கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அது கிண்டச் சொன்னது. அகப்பை கிண்டவில்லை.