மூணு காகிதப் பேய்

இந்தக் கதைய அப்பா ரொம்ப வருஷமா நம்பல, பாப்பா. சொன்னது உன் ஆவுடை அத்தை. அத்தை பொய் சொல்றவ இல்ல. ஆனா ஒரே ஒரு தடவ சொல்லியிருக்கலாமோன்னு அப்பாவுக்கு ஒரு சந்தேகம். இன்னும் முழுசாப் போகல. நீ கேட்டுட்டுச் சொல்லு. ம் போடணும், என்ன? ம் நின்னா கதையும் நின்னுரும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு புத்தகப் பைத்தியம் இருந்தா. ஆவுடைன்னு பேரு, பத்து வயசு. சுண்டல் மடிச்ச காகிதத்தக்கூடப் பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் கீழ போடுவா. ஆனா எந்தக் கதைக்கும் கடைசிப் பக்கத்த முன்னாடியே எட்டிப் பாக்க மாட்டா. அது அவளுக்கு ஒரு விரதம் மாதிரி. அவளுக்கு ஒரு தம்பி, நாயகம், ஆறு வயசு.

"அது நீதானே?"

குறுக்க வரக்கூடாது. ம் மட்டுந்தான்.

"ம்."

ஒருநாள் ரெண்டு பேரும் கிட்டிப்புள் ஆடுனாங்க. ஆவுடை ஓங்கி ஒரு அடி. டக்! புள்ளு விர்ர்ருன்னு பறந்து போயி தம்பி கண்ணுல பட்டுருச்சு. டாக்டர் ரெண்டு கண்ணையும் சேத்துக் கட்டிட்டாரு. ஒண்ணு அசைஞ்சா இன்னொண்ணும் அசையுமாம். "மதுரைக்குக் கொண்டு போங்க, ஆபரேஷன் பண்ணணும்"னு நாளும் குறிச்சுக் குடுத்துட்டாரு.

ஆவுடைய யாரும் ஒரு வார்த்தை திட்டல. அதான் அவளுக்குத் தாங்கல.

அப்புறம் அவ பழைய பேப்பர் கடைக்குப் போயி, அட்டையே இல்லாத ஒரு கதைப் புத்தகத்த எடுத்துட்டு வந்தா. "ஏல, கட்டு அவுக்குற வரைக்கும் என் கண்ணு ஒனக்கு. இந்தக் கதைய முடிக்காம ஒன்ன பஸ் ஏத்த மாட்டேன்"ன்னு தம்பி தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனா.

கதையில ஒரு பையன் விளக்கத் தூக்கிட்டு பூதத்தோட குகைக்குள்ள போறான். வழி தப்பிருச்சு. தினம் கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சு, கடைசித் துண்ட மட்டும் பஸ் ஏறுற நேரத்துக்குன்னு மிச்சம் வச்சாங்க. அங்கதான் மாட்டிக்கிட்டாங்க. பஸ் ஏற வேண்டிய அன்னிக்கு சரஸ்வதி பூஜை! காலையில அம்மா, "எல்லாப் புத்தகத்தையும் கொண்டு வாடி"ன்னாங்க. அவளும் கணக்குப் புத்தகத்த ஒழிச்சாப் போதும்ங்கற சந்தோஷத்துல எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துட்டா. கதைப் புத்தகமும் சேந்து போயிருச்சு. பட்டுத் துணியில கட்டு, சந்தனப் பொட்டு, முன்னாடி பொரி, சுண்டல்.

"அம்மா, ஒரே ஒரு பக்கம்."

"நாளைக்குப் பூஜை பிரிக்கிற வரைக்கும் எழுத்தக் கண்ணால பாக்கக்கூடாது. அதுவும் கண்ணு வைத்தியத்துக்குப் போற வீட்ல! வாய மூடு."

இங்க தம்பிக்காரன் கட்டில் கால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். "அந்தப் பையன் குகையிலேருந்து வந்தானா, செத்துட்டானா? தெரியாம நான் வரமாட்டேன். என் கட்டயும் அவுக்க விடமாட்டேன்." பஸ்ஸு நாலு மணிக்கு. மணி பன்னெண்டு.

"ம்... அப்புறம்?"

ஆவுடை அழுதுக்கிட்டே வாசலுக்கு வந்தா. எதித்தாப்புல சைக்கிள் கடை இசக்கி அண்ணாச்சி திருஷ்டிப் பூசணிக்காய்க்கு மூஞ்சி எழுதிக்கிட்டு இருந்தாரு. மீசை, பல்லு, தொங்குற நாக்கு. கண்ணு மட்டும் எழுதல.

"கண்ணு எங்க அண்ணாச்சி?"

"அது கடைசியில. கண்ண எழுதிட்டா பாக்க ஆரம்பிச்சிரும்லா!"

அவளுக்குப் பளிச்சுன்னு ஒண்ணு தோணிச்சு. நாமதானே படிக்கக்கூடாது? பேய் படிக்கலாமே!

தம்பியோட புதுச் சட்டைக்குள்ள இருந்த அட்டைய எடுத்தா. கரக் கரக்னு மூணு பட்டையா வெட்டுனா. பேய்க்குத்தான் காலு கிடையாதே, வரையறது சுலபம். தலை, தோளு, கீழ வாலு மாதிரி ஒரு இழுப்பு. பென்சில், கலரு எல்லாம் பூஜையில. அதனால அடுப்புக் கரிய எடுத்து மொதப் பேயக் கருப்பா தீட்டுனா. ரெண்டு முட்டக் கண்ணு வச்சா. வாய் வைக்கல, கடிச்சிருமோன்னு பயம். படிச்ச பக்கத்துல அடையாளம் வைக்கிற மாதிரி, துணிக்கட்டு இடுக்கு வழியா சர்ருன்னு புத்தகத்துக்குள்ள விட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு இழுத்தா... அய்யோ! கண்ணு ரெண்டும் முன்னைவிடப் பெருசா விரிஞ்சு கிடக்கு. எதையோ பாத்துருச்சு. சொல்லத்தான் வாயில்ல.

அப்புறம் ரெண்டாவது பேய். மஞ்சளோட சுண்ணாம்பக் குழைச்சா, செக்கச்செவேல்னு ஆயிருச்சு. இதுக்குப் பெரிய வாயா வச்சா. மொதப் பேயோட கண்ணு மனசுலயே நின்னுச்சா, இதுக்குக் கண்ணே வைக்கல. உள்ள விட்டு வெளிய எடுத்தா லபலபலபன்னு ஒரே பேச்சு. "சுண்டல் வாசம்! பொரி வாசம்! சுண்டல்ல உப்பு கம்மி!" அவ்வளவுதான். குருட்டுப் பேய் எப்படிப் படிக்கும்?

"ஹிஹி... உப்பு கம்மியா!"

ஆமா. மணி மூணு ஆயிருச்சு. மூணாவது பேய்க்கு அகத்தி இலையக் கசக்கிப் பச்சை பூசுனா. சின்னதா, சாந்தமா ஒரு வாய். கண்ணு எழுத விளக்குக் கரிய எண்ணெயில குழைச்சா. தம்பி கண்ணக் கெடுத்த கைதானேன்னு நினைச்சா, விரலு நகர மாட்டேங்குது.

"என்னக்கா செய்த? பச்சிலை வாசம் வருது."

சொன்னா.

"குடு, கண்ண நான் எழுதறேன்."

"ஒனக்குக் கண்ணு தெரியாதேல."

"அதுக்கும்தான் இன்னும் தெரியாது."

அப்போ அவன் கையப் பிடிச்சு, கண்ணு வைக்கிற இடத்தத் தொட்டுக் காமிச்சா. அவன் கருப்புல விரல முக்கி வச்சான் ரெண்டு பொட்டு. ஒண்ணு பெருசு, ஒண்ணு கோணல். வச்ச நிமிஷமே அந்த அட்டைப் பேய் மீன் மாதிரி ஒரு துள்ளு துள்ளுச்சாம். ஆவுடை சொன்னது. தம்பிக்குத் தெரியாது.

உள்ள விட்டா. முதல்ல ஒண்ணுமில்ல. அப்புறம் துணிக்கட்டு மூச்சு விடற மாதிரி மெல்ல ஏறி ஏறி இறங்குச்சு. உள்ள பட பட படன்னு தாள் திரும்புது. காத்தே இல்ல. பூஜை மணி தானா கிணிங்னு ஒரு தடவ அடிச்சு நின்னுச்சு. அம்மா கொல்லையில இருந்தாங்க. தம்பி ஒரு கையால கட்டில் காலப் பிடிச்சபடியே இன்னொரு கைய அக்காளோட கோத்துக்கிட்டான். அவனுக்குக் கேட்டது அந்தச் சத்தம் மட்டுந்தான்.

ஆவுடை பச்சைப் பேய இழுத்துக் காதோட வச்சா. ஈ பறக்குற மாதிரி ஒரு சின்னக் குரல்.  கேட்டுக் கேட்டு அப்படியே தம்பிக்குச் சொன்னா.

"வெளக்கு அணைஞ்சு போச்சாம்ல. ஒரே இருட்டாம். அப்போ குகை பேசிச்சாம்: 'ஓடாத. அசையாத. மேல இருந்து தண்ணி சொட்டும், எண்ணிக்கிட்டே இரு. ஏழாவது சொட்டுல வெளிச்சம் வரும்.' அவன் எண்ணுனானாம். சொட்... சொட்... ஏழாவது சொட்டு விழுந்துச்சாம். கல்லு நகந்து சூரியன் உள்ள வந்துச்சாம்."

தம்பி கட்டில் கால விட்டுட்டான். பச்சைப் பேயச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டான்.

"...ம்."

அப்புறம் மதுரை. ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாம் நாளு டாக்டர் கட்டு அவுக்க வந்தாரு. "அசையாம இரு தம்பி"ன்னாரு. அந்த அறையில ஒரு குழாய் சரியா மூடல. சொட். அவன் எண்ண ஆரம்பிச்சான். சுத்திச் சுத்தித் துணி அவுருது. சொட். மூணு, நாலு. பஞ்ச எடுக்கறாங்க. அஞ்சு, ஆறு. சொட். ஏழு. வெள்ளையா, வெதுவெதுன்னு, பால ஊத்துன மாதிரி வெளிச்சம்! அதுக்குள்ள ரெண்டு கண்ணு அவனையே பாத்துச்சு. ஒண்ணு பெருசு, ஒண்ணு கோணல். கையில பிடிச்சிருந்த பச்சைப் பேய்.

ஏழுன்னு தெரிஞ்சதால அவனா ஏழுல கண்ணத் திறந்துக்கிட்டானோன்னு அப்பா எத்தனையோ தடவ யோசிச்சுப் பாத்தாச்சு. ஆனா பஞ்ச எடுத்தது டாக்டரு. அவருக்கு இந்தக் கதை தெரியாதே.

அக்கா விரதத்த விட்டு எப்பவோ எட்டிப் பாத்துட்டு, புத்தகத்துல இருந்ததத்தான் சொன்னா, குழாய் சொட்டுனது தற்செயல்னு அப்பா மனசத் தேத்தி வச்சிருந்தேன். போன மாசம் அத்தை வீட்டுப் பரண்ல அந்தப் புத்தகம் கிடைச்சுது. உக்காந்து படிச்சேன். "விளக்கு அணைந்தது. அப்போது"ன்னு இருக்கு. அதுக்கு மேல ஒண்ணுமில்ல. கடைசி ஏடு எப்பவோ கிழிஞ்சு போயிருக்கு. கிழிசல் ஓரமெல்லாம் பழுப்பு. பேப்பர் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிருக்கணும்.

கதை கரையேறிருச்சு, பாப்பா. நீ தூக்கத்துக்குள்ள இறங்கு.

"அத்தைகிட்ட... கேட்டியா?"

கேட்டேன். அத்தை வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருந்தா. தடவுன கை அப்படியே நின்னுச்சு.

"நீ என்னப்பா கேட்ட?"

"அக்கா, அந்தப் பக்கமே இதுல இல்லியே. அப்போ ஏழாவது சொட்டுல வெளிச்சம் வரும்னு ஒனக்குச் சொன்னது யாரு?"