புளியமரத்து வளைவில் ஒரு சத்தம்

குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. போடியில் எல்லாரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். நீங்களும் ஒருமுறை சிரித்துவிட்டு வாருங்கள், கதைக்குப் போவோம்.

குரு லூர்துமேரி. மலையேறுகிற ஜீப்பு, பிக்கப் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கிற பட்டறையை நடத்துகிறவர். சீடர் ஒச்சப்பன். மேலே ஒரு ஏலத்தோட்டத்தின் பிக்கப் வண்டியை ஆயுசு பூராவும் ஓட்டியவர். இடுப்புவலி வந்து தினமும் மலையேற முடியாமல் போனதும் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். ஒச்சப்பன் நேரே பட்டறைக்கு வந்து நின்றார்.

"வீட்ல உக்காந்தா துருப்பிடிச்சுருவேன் தாயி. தொழில் கத்துக்குடு."

"கிரீஸ் கறை சட்டையை விட்டுப் போகாதுண்ணே. அக்கா திட்டுவாங்க."

"அவ எதுக்குத்தான் திட்டல?"

அப்படிச் சேர்ந்தவர்தான்.

ஒருநாள் அவர் ஓட்டிய அதே பிக்கப் பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவன் காசிராசன், ஒச்சப்பனே பழக்கிவிட்ட டிரைவர். மலையில் ஏறும்போது அடியில் கிர்ர்ரென்று முனகுகிறதாம், வளைவில் டொக்கு டொக்கென்று அடிக்கிறதாம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஃபோர்வீல் பக்கம்தான் ஏதோ போச்சு என்றான்.

"முதலாளி என்ன சொன்னாரு?"

"சனிக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கலேன்னா வண்டி உடைக்கிற ஆளுக்குக் குடுத்துருவேன்னு சொல்லிட்டாருண்ணே."

 ஒச்சப்பனின் மகள் மலையரசி பிறந்தது அந்த வண்டியில். அதைத் துண்டு துண்டாக வெட்டி எடைக்குப் போடுவதா?

"இந்த வண்டிய வேற யாரும் தொடக்கூடாது தாயி. நான் பாத்துக்கறேன்."

"பாருங்கண்ணே" என்றார் லூர்துமேரி.

ஒச்சப்பன் தலைகீழாக நின்று பார்த்துவிட்டார். முன் அச்சின் பல்சக்கரமான கிரவுனைக் கழற்றினார், ஒரு பல்லும் உடையவில்லை. ஜாயிண்டை மாற்றினார். பேரிங்கை மாற்றினார். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினார், ஒரு சத்தமும் இல்லை. கடைத்தெருவில் ஓட்டினார், வண்டி சொன்னபடி கேட்டுச் சமர்த்தாகப் போனது. காசிராசன் மலைக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்தான். சத்தம் அப்படியே இருக்கிறது என்றான். எமகாதகச் சத்தம்!

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒச்சப்பன் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"நான் ஓட்டுறப்பவே லேசா முனகிச்சு தாயி. எனக்கு இடுப்பு போன நேரத்துல அதுக்கும் மூட்டு போச்சுன்னு நெனச்சேன். வயசாயிருச்சு, ரெண்டு பேருக்கும். அவ்வளவுதான்."

லூர்துமேரி குனிந்து முன்டயரைத் தடவிப் பார்த்தார். மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது.

"சத்தம் எங்க இருந்து வருதுன்னு நாலு நாளாத் தேடிட்டீங்க. எப்ப வருதுன்னு பாத்தீங்களா?"

"மலையில வருது."

"மலையில எப்ப?"

லூர்துமேரி சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"எடுங்க வண்டிய. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

வண்டி மலையடிவாரத்தைத் தாண்டியது. ஸ்டியரிங்கைப் பிடித்ததுமே ஒச்சப்பனுக்கு இடுப்புவலி மறந்துபோனது. வாய் திறந்துகொண்டது.

"மேல பூரா அப்பல்லாம் முழங்கால் சேறு தாயி. வண்டி பொதைஞ்சா பின்னாடி உக்காந்திருக்க தோட்டவேலைப் பொம்பளைக எறங்கித் தள்ளுவாளுக. தள்ளிக்கிட்டே என்னைய வைவாளுக பாரு, காது கூசும். ஏறினதும் பாட்டு. ஏலக்கா மூட்டை நனைஞ்சு வண்டி பூரா மணக்கும். அடடா! அந்தச் சேத்துக்காக ஏங்குறேன்னு சொன்னா நம்புவியா?"

"நம்புறேண்ணே."

"இப்ப என்ன ரோடு? சப்புன்னு போகுது."

சத்தம் மட்டும் வரவில்லை. லூர்துமேரி சன்னலில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வளைவில் நிற்கும் புளியமரம் தெரிந்தது. ஒச்சப்பன் வண்டியை மெதுவாக்கினார். இடது கை தானாக இறங்கி, கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லீவரை இழுத்தது. ஃபோர்வீல் விழுந்தது.

"ஏண்ணே இங்க போட்டீங்க?"

"இங்கதான போடணும்! இதுக்கு மேலதான் சேறே. மலையரசி பொறந்தது இந்த வளைவுல. அன்னைக்குப் பகல்லயே அடைமழை. பின்னாடி அவ அம்மா வலியில கத்துறா, பொம்பளைக தார்ப்பாய விரிச்சுப் பிடிச்சிருக்காளுக. வண்டி வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் போயிருச்சு. இந்த லீவரப் போட்டேன். நாலு சக்கரமும் கடிச்சு இழுத்து மேல வந்துச்சு பாரு, அந்த நிமிசம் பிள்ளை அழுத சத்தம் கேட்டுச்சு. அன்னையில இருந்து ஏறினாலும் எறங்கினாலும் இந்த எடத்துல கை வைக்காமப் போனதில்ல. காசிராசனுக்கும் இதைத்தான் சொல்லிக்குடுத்திருக்கேன்."



வளைவில் வண்டி திரும்பியது. அடியிலிருந்து கிர்ர்ர் என்று ஒரு முனகல். டொக்கு. டொக்கு.

"கேட்டியா தாயி! இதான்! அழுவுது பாரு!"

"நிறுத்துங்கண்ணே. லீவர எடுங்க."

ஒச்சப்பன் லீவரை முன்னால் தள்ளினார். வரவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார். அசையவில்லை.

"கொஞ்சம் பின்னால போங்க."

வண்டி ரிவர்ஸில் நாலடி நகர்ந்தது. அடியில் டொம்மென்று எதுவோ விட்டுக்கொடுத்த சத்தம். லீவர் சொன்ன பேச்சைக் கேட்டு விலகி வந்தது.

"எறங்குங்க. செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க."

"வெயில்ல சுடும் தாயி."

"சுடட்டும்."

ஒச்சப்பன் இறங்கி நின்றார். நின்ற வேகத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துக் குதித்தார்.

"காலுக்குக் கீழ என்னண்ணே?"

"தாரு."

"எப்பப் போட்டாங்க?"

"போன எலெக்சனுக்கு முந்தி."

"வண்டி எப்ப முனக ஆரம்பிச்சது?"

ஒச்சப்பன் விரலை மடக்கி மடக்கி யோசித்தார். குதிப்பது நின்றுபோனது. சூடு தெரியவில்லை போல.

"சேத்துல நாலு சக்கரமும் அங்கங்க கொஞ்சம் வழுக்கும்ணே. வளைவுல முன்சக்கரம் போற தூரம் வேற, பின்சக்கரம் போற தூரம் வேற. மண்ணு அதுக்கு விட்டுக்குடுத்துரும். தாரு விடாது. அப்புறம் யாரு முறுக்கிக்கிட்டு நிக்கிறது? உள்ள இருக்க பல்சக்கரமும் ஷாஃப்டும்தான். அந்த முறுக்குதான் முனகுது, டயரையும் தின்னுது."

"அப்ப வண்டிக்கு?"

"ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கு."

ஒச்சப்பன் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை அவர். துடைத்துக்கொண்டு, அங்கே நின்றபடியே முதலாளிக்குப் போன் போட்டார்.

"ஐயா, ஒச்சப்பன் பேசறேன். அந்த உடைக்கிற ஆள வரவேணாம்னு சொல்லிருங்க. கோளாறு வண்டியில இல்லீங்க." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். ஒச்சப்பன் புளியமரத்தைப் பார்த்தார். "எங்கிட்டதாங்க. காசிராசனுக்கு நான் சொல்லிக்கறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினார். வண்டியைக் கிளப்பினார்.

"லீவரே இனி வேணாமா தாயி?"

"தோட்டத்துக்குள்ள இன்னும் மண்ணுப் பாதைதானே? மழைக்குச் சேறாகும்ல? அங்க போடுங்க."

வளைவை நோக்கி வண்டி நகர்ந்தது. மறுபடியும் அவருடைய இடது கை கீழே இறங்கி லீவரின் தலையைப் பிடித்தது. ஒச்சப்பன் அதைப் பார்த்துவிட்டு, சூடு பட்டவர் போலக் கையை எடுத்துக்கொண்டார். வண்டியை நிறுத்தியே விட்டார்.

"வேணும்னு செய்யல தாயி. இந்த எடம் வந்தா கை தானாப் போகுது. இத்தனை வருசப் பழக்கம். கைய வெட்டிப் போடவா முடியும்? என்னதான் செய்யட்டும், சொல்லு."

லூர்துமேரி புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகட்டும்ணே. கை அதுமேலயே இருக்கட்டும். இழுக்க மட்டும் செய்யாதீங்க."