ஏழு இடத்தில் நின்றவர்

"இந்த வழிக்கு 'எளிது'ன்னு எழுதின முட்டாள் யாரு மாஸ்டர்?"

"நீங்கதான் சார்."

அருளானந்தம் வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நில அளவையில் முப்பது வருஷம் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவர். மாஸ்டருக்கு முப்பத்தாறு. குருவுக்கு நரைத்த தாடி இருக்க வேண்டுமென்று சட்டமா என்ன? இந்தக் குருவுக்கு இருந்ததெல்லாம் அறுவை செய்து பிளேட் வைத்த ஒரு முழங்கால், காவிரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இருபது சைக்கிள். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓட்டியவர். பெயர் செண்பகவல்லி. வயசான பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்பார். ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்டதால் அருளானந்தமும் அப்படித்தான் கூப்பிட்டார்.

கரையோரமாக ஓட்டிப் போக மூன்று வழிகளை வகுத்துக் கொடுத்தவர் அருளானந்தம்தான். கிழக்கே கரை மேலேயே பதினாலு கிலோமீட்டர், மேடு பள்ளம் கிடையாது. அது எளிது. பாலம் ஏறி அக்கரை போய்ச் சுற்றி வருவது நடுத்தரம். மேற்கே மணலிலும் சரளையிலும் உருட்டிக்கொண்டு கதவணை வரை போவது கடினம். ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்தார். எங்கே நின்றால் ஆறு அழகாகத் தெரியும் என்று நோட்டில் குறித்தும் வைத்தார். அந்த வழிகளுக்குப் பலகை எழுதுகிற ஆள் மறுநாள் வருவதாக இருந்தது.

"எளிதை அடிச்சிட்டு கடினம்னு போடச் சொல்லுங்க" என்றார் அருளானந்தம்.

"ஏன், பாதை ஏதாவது மாறிப்போச்சா?"

"பாதை அப்படியேதான் இருக்கு. ஜெசிந்தாவாலதான் முடியல."

ஜெசிந்தா அவர் மனைவி. ஐம்பத்து நாலு வயதில், இதே கொட்டகைக்கு முன்னால் நாலு மாசம் விழுந்து எழுந்து சைக்கிள் கற்றுக்கொண்டவள். ஓட்ட வந்த அன்றைக்கு மாஸ்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

"போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கூட்டிட்டுப் போனேன். பாதி வழிதான் வந்தா. சைக்கிளைக் கீழ போட்டுட்டு உக்காந்துட்டா. ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டு வந்தேன். இப்ப சைக்கிள் கொல்லையில நிக்குது, மேல துணி காயுது."

"பேசிப் பாத்தீங்களா?"

"வித்துடுங்கங்கறா. ஒரே வார்த்தை. சாயங்காலம் ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போறாராம்."

மாஸ்டர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபைக் கீழே வைத்தார்.

"கடினம்னு பலகையில இருந்தா அவளுக்கு மனசு ஆறும் மாஸ்டர். கஷ்டமான வழி, அதான் முடியலைன்னு நெனச்சுக்குவா. சைக்கிளை விக்க மாட்டா."

"என்கிட்ட கத்துக்கிட்ட பொம்பளைங்க பதினோரு பேரு. அவங்க தைரியமாப் போறதுக்கு இருக்கிறது இந்த ஒரு வழிதான். அதையும் கடினம்னு எழுதிட்டா எல்லாரும் வீட்டுலயே கெடப்பாங்க."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

மாஸ்டர் காலையில் ஐந்து மணிக்கே வந்தவர். முழங்கால் வீங்கியிருந்தது. யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்கிற தெம்பு அன்றைக்கு அவருக்கு இல்லை.

"அன்னைக்கு யார் முன்னால போனது?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான். வழி தெரிஞ்சவன் நான்தானே."

"அவங்கள விட்டுட்டா போனீங்க?"

அருளானந்தத்துக்குச் சுருக்கென்றது. "என்ன மாஸ்டர் இப்படிக் கேக்கறீங்க? ஏழு இடம். நோட்டுல குறிச்ச அத்தனை இடத்துலயும் நிக்கிறதுன்னு கிளம்பினேன். நின்ன ஒவ்வொரு இடத்துலயும் அவ வந்து சேர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன். நாலாவது இடத்துல மட்டும் பத்து நிமிஷம். ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. சரி வான்னு சிரிச்சுக்கிட்டேதான் கூப்பிட்டேன்."

"ஓ."

"வீட்டுக்கு வந்தப்புறம், ஆத்து நடுவுல அந்த நாணல் திட்டு எப்படி இருந்துச்சு பாத்தியான்னு கேட்டேன். எந்தத் திட்டுங்கறா! முன்னாலயே நிக்குது, பாக்கலையாம். எரிச்சலா வருமா வராதா?"

மாஸ்டர் எழுந்து நொண்டிக்கொண்டே போய் சுவரில் சாய்த்திருந்த தன் பழைய சைக்கிளை எடுத்தார்.

"வாங்க."

"எங்க?"

"உங்க எளிதான வழிக்குத்தான்."

மணி எட்டு. மாசி வெயில் அப்போதே சுள்ளென்று இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் மாஸ்டருக்கு நொண்டல் எங்கே போனதோ தெரியவில்லை. கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார்.

முதல் இடம் மதகு. அருளானந்தம் வந்து சேர்ந்தபோது மாஸ்டர் மதகுக் கட்டையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இவர் காலை ஊன்றினார். அவர் பாட்டிலை மூடினார்.

"வந்துட்டீங்களா? சரி, போலாம்."

கிளம்பிவிட்டார்.

பரவாயில்லை என்று அருளானந்தமும் கிளம்பினார். முப்பது வருஷம் கரட்டிலும் முள்ளிலும் நடந்த கால் இது. இதற்கெல்லாம் அசருமா?

இரண்டாவது இடம் படித்துறை. மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு இருந்தார். இவர் தலை தெரிந்ததும் செருப்பை மாட்டினார்.

"வந்துட்டீங்களா? போலாம்."

"ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு..."

மாஸ்டர் சிரித்தார். கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அருளானந்தம் ஓட்டிக்கொண்டே குடித்தார். பாதி தண்ணீர் சட்டையில் போயிற்று. வாழைத் தோட்டத்துக் காற்று எதிரே வந்து நெஞ்சைப் பிடித்துத் தள்ளியது. தான் நோட்டில் அரைப் பக்கம் புகழ்ந்து எழுதிய வாழைத் தோட்டம் அதுதான் என்பது தாண்டிப் போன பிறகு உறைத்தது.

மூன்றாவது இடம் டீக்கடை. கடைக்காரர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"என்ன சார், நாக்கு தள்ளிப்போச்சு! அந்த அம்மா வந்து கால் மணி ஆச்சு."

மாஸ்டர் கடைசி வாய் டீயைக் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தார்.

"எனக்கும் ஒண்ணு..." என்றார் அருளானந்தம்.

"நாலாவது இடத்துல பாத்துக்கலாம் சார். வெயில் ஏறுது."

சரிதான், பெண்பிள்ளை முன்னால் கெஞ்சுவதா என்று ரோஷம் வந்தது. ஏறி மிதித்தார். ரோஷத்தில் ஒரு கிலோமீட்டர் போனார். அடுத்த கிலோமீட்டருக்கு ரோஷமும் தீர்ந்துபோயிற்று. தொடை நடுங்கியது. காதுக்குள் இருதயம் அடித்தது. முன்சக்கரத்தைத் தவிர எதையும் அவர் பார்க்கவில்லை. இடது பக்கம் காவிரி ஓடிக்கொண்டிருந்தது என்று சத்தியம் செய்யச் சொன்னால்கூட யோசித்திருப்பார்.

நாலாவது இடத்தில் பெரிய மருத மரம். மாஸ்டர் அதன் நிழலில் துண்டை விரித்து, முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஒரு குட்டித் தூக்கமே போட்டிருக்க வேண்டும். இவர் சைக்கிள் கிறீச்சென்று நின்ற சத்தத்தில் எழுந்தார். கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தார். துண்டை உதறினார்.

"வந்துட்டீங்களா சார்? பத்து நிமிஷமாக் காத்திருக்கேன். சரி, போலாமா?"

அருளானந்தத்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கென்ன! நிழல்ல படுத்து எந்திரிச்சாச்சு! நான் இப்பத்தானே வந்து சேர்றேன்? காத்திருக்கேன் காத்திருக்கேன்னு பெருமை வேற! நீங்க காத்துக்கிட்டிருந்தா எனக்கு என்ன..."

மீதி வரவில்லை.

மாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேலி எதுவும் அந்த முகத்தில் இல்லை. களைத்திருந்தது, அவ்வளவுதான்.

அருளானந்தம் சைக்கிளைக் கீழே போட்டார். வேரில் உட்கார்ந்தார்.

மாஸ்டரும் மறுபடி துண்டை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

ஒரு மீன்கொத்தி தண்ணீரில் விழுந்து எழுந்தது. அதற்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"கல்யாணமாகி எத்தனை வருஷம் சார்?"

"முப்பத்தொண்ணு."



அருளானந்தம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பிறந்த வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போனது ஞாபகம் வந்தது. கூட்டத்தில் முன்னால் போய், ஒவ்வொரு சத்திரத்து வாசலிலும் நின்று, கைக்குழந்தையோடு அவள் வந்ததும் "வந்துட்டியா, நட" என்றது. பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரியில், மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுத்த கடைத்தெருவில். எத்தனை தடவை! எல்லா இடத்திலும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். தன்னைப்போலப் பொறுமைசாலி கிடையாது என்று மச்சினனிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. வெட்கமாக இருந்தது.

"போன் இருக்கா மாஸ்டர்? என்னோடது கொட்டகையிலயே கெடக்கு."

மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார். அருளானந்தம் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

மூன்றாவது தடவை மணி அடித்தது.

"யாரு?" என்றாள் ஜெசிந்தா.

"நான்தான். சைக்கிளைக் குடுத்துடாத."

"ஏன்? அவர் சாயங்காலம் வர்றேன்னு சொல்லியிருக்காரே."

சொல்லத்தான் நினைத்தார். மூச்சு இரைத்தது.

"என்னங்க? ஏன் இப்படி மூச்சு வாங்குது? எங்க இருக்கீங்க?"

"அதே... கரையில. பாதி வழியில."

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"உக்காந்திருக்கீங்களா?"

"ம்."

"அப்படியே உக்காருங்க. இப்ப ஒண்ணும் பேச வேணாம். நல்லா மூச்சு வரட்டும்" என்றாள் ஜெசிந்தா. "நான் போனை வைக்கல. இங்கதான் உக்காந்திருக்கேன்."