கடைசி ஆளுக்குப் பின்னாடி வர்ற வேன்

கோவளத்துல பெனிட்டான்னு ஒரு கோச். வயசு இருபத்தொம்பது. அவங்ககிட்ட சிஷ்யனா வந்து சேந்தவரு திருநாவுக்கரசு, மின்வாரியத்துல இன்ஜினியர். வயசு நாப்பத்தாறு. எல்லாருக்கும் அரசு.

அரசுக்கு ஒரே ஆசைதான். முழு டிரையத்லான். கடல்லயோ ஆத்துலயோ கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் நீச்சல், கரையேறினா நூத்தியெம்பது கிலோமீட்டர் சைக்கிள், சைக்கிள விட்டு இறங்கினா நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாள்ல! பதினோரு மாசமா உயிரைக் குடுத்துப் பயிற்சி எடுத்தாச்சு. பாக்கி ஒண்ணே ஒண்ணு. எந்த ஊரு ரேஸ்னு முடிவு பண்ணணும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில நீந்தி முடிச்சு, தலையைக் கூடத் துவட்டாம போனை நீட்டினாரு.

"பதினாலு ரேஸ் லிஸ்ட் போட்டிருக்கேன் கோச். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

பெனிட்டா வாங்கிப் பாத்தாங்க. ஊரு, தேதி, தண்ணியோட சூடு, ரோட்டு ஏத்த எறக்கம், எல்லாம் கட்டம் கட்டமா இருந்துச்சு. கடைசிக் கட்டத்துல ஒரு நம்பர்.

"இது என்ன சார்?"

"நூறு பேருக்கு எத்தனை பேரு முடிக்காம போனாங்கன்னு. இதோ, மேல இருக்கே, இதுல நாலே பேருதான். ஆத்து நீச்சல் கோச், ஆறே நம்மள இழுத்துட்டுப் போயிடும். ரோடு தோசைக்கல்லு மாதிரி சமமா இருக்கும்."

"அப்ப அதுக்கே போங்களேன்."

"அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தன் ஆயிட்டா?"

"ஆனா என்ன சார்?"

அரசு குரலைத் தாழ்த்தினாரு. "ஆபீஸ் பசங்க வாசல்ல பிளெக்ஸ் வச்சுட்டானுங்க கோச்."

"என்னன்னு?"

"'வென்று திரும்பிய எங்கள் அண்ணனை வருக வருக என வரவேற்கிறோம்.' என் போட்டோ வேற, கூலிங் கிளாஸோட."

"நீங்க இன்னும் பேரே குடுக்கலையே!"

"அதத்தான் நானும் கேட்டேன். 'போறது உறுதி, ஜெயிக்கிறது உறுதி, அப்புறம் எதுக்குண்ணே வெயிட் பண்ணணும்?'ங்கறானுங்க. நான் முடிக்காம திரும்பி வந்தா, அந்த வாசல்ல எப்படி கோச் நுழையறது?"

பெனிட்டா சிரிக்கல. போனைத் திருப்பிக் குடுத்தாங்க.

"ஞாயித்துக்கிழமை இங்க பாதி தூர ரேஸ் இருக்கு. வேலைக்கு ஒரு ஆளு குறையுது. காலையில வந்துருங்க."

"எந்த ரேஸ்னு கேட்டேனே..."

"வந்துருங்க சார்."

வந்தாரு. ஏதோ தண்ணி பாட்டில் குடுக்கிற வேலையா இருக்கும்னு நெனச்சாரு. கையில ஒரு பையைக் குடுத்து, வேன்ல ஏறச் சொன்னாங்க. கடைசி ஆளுக்குப் பின்னாடியே போற வேன் அது. நேரம் தாண்டிப் போனவங்கள நிறுத்தி, கணுக்கால்ல கட்டியிருக்கிற, நேரம் குறிக்கிற சிப்பைக் கழட்டிப் பையில போட்டுட்டு, ஆளையும் சைக்கிளையும் ஏத்திக்கிட்டு வரணும்.

டிரைவர் லூர்து பக்கத்து சீட்டைத் தட்டினாரு. "வாங்க சார். பசங்க இந்த வண்டிக்கு என்ன பேரு வச்சிருக்கானுங்க தெரியுமா? அமரர் ஊர்தி!"

அரசு படியில வச்ச காலை எடுத்துட்டு, மறுபடி வச்சு ஏறினாரு.

சைக்கிள முடிக்க பதினொன்றரை மணி வரைக்கும்தான் கெடு. பதினோரு மணிக்கு வேனுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆளுதான் மிச்சம். பச்சை சட்டை போட்ட ஒரு அம்மா. எதிர்க்காத்து மூஞ்சிலயே அறையுது. தலையைக் குனிஞ்சு மிதிக்கிறாங்க, மிதிக்கிறாங்க, ரோடு நகரவே மாட்டேங்குது.

"மிதிம்மா... மிதிம்மா..." அரசு அவரு அறியாம டேஷ்போர்டைத் தட்டிக்கிட்டே இருந்தாரு.

"சார், அது உடைஞ்சா நீங்கதான் பொறுப்பு"ன்னாரு லூர்து.

பதினொன்றரை ஆச்சு. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் பாக்கி. அரசு போனை எடுத்தாரு.

"கோச், பத்தே நிமிஷம்தான். விட்டுடவா? யாருக்கும் தெரியாது."

"அவங்க வாட்ச் கட்டியிருக்காங்களா சார்?"

"...கட்டியிருக்காங்க."

"அப்ப ஒருத்தருக்குத் தெரியும். போய் நிறுத்துங்க."

வேன் முன்னாடி போயி ஓரங்கட்டுச்சு. அரசு இறங்கி நின்னாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு, அவ்ளோதான்.

அந்தம்மா நிறுத்தினாங்க. "முடிஞ்சுதாண்ணே?"

"முடிஞ்சுதும்மா."

ரோட்டோரத்துலயே உக்காந்து அழுதாங்க. சும்மா இல்ல, ஏங்கி ஏங்கி அழுதாங்க. அரசு குனிஞ்சு கணுக்கால் பட்டையில கை வச்சாரு. எந்தப் பக்கம் பிரிக்கிறதுன்னு திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"விடுங்கண்ணே, நானே கழட்டுறேன்." கழட்டிக் குடுத்தாங்க. "உங்களப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு."

பேரு ஃபர்ஹானா. ஆம்பூர்ல ஷூ கம்பெனி சூப்பர்வைசர். வேன்ல ஏறி, ஒரு பாட்டில் தண்ணியை மூச்சு விடாம குடிச்சாங்க. லூர்து நீட்டின கடலை மிட்டாயை வாங்கிக் கடிச்சாங்க. கடிச்சதும் பேச ஆரம்பிச்சவங்கதான்!

"அண்ணே, கடலுக்குள்ள பச்சைக் கலர்ல இருக்குண்ணே! வெளிய இருந்து பாத்தா நீலமா தெரியுது, உள்ள போனா பச்சை. ஒரு ஜெல்லி மீனு தோள்ல சுரீர்னு இழுத்துடுச்சு, இங்க பாருங்க." செவந்து தடிச்சுப் போயிருந்த தோளைப் பெருமையா காட்டினாங்க. "ஒரு அலை தூக்குச்சு பாருங்க, அப்ப கரை முழுக்கத் தெரிஞ்சுது, கோயிலு, படகு, எல்லாம். அடுத்த அலையில ஒண்ணுமே இல்ல. வெறும் தண்ணி, நானு. அல்லாவே, இங்கயே செத்தாலும் சரிதான்னு இருந்துச்சு."

"வருத்தமா இல்லையாம்மா?"

"இல்லாம? வயிறு எரியுது. எங்க வீட்டுல மூணு பேரு பந்தயம் கட்டியிருக்காங்க, என்னைத் தண்ணில இருந்தே தூக்கிட்டு வந்துடுவாங்கன்னு. மூணு பேரும் தோத்தாங்க!"

"இதைவிட சுலபமா இருக்கேம்மா, ஏரியில எல்லாம் நடத்துறாங்களே. அதுக்குப் போயிருந்தா முடிச்சிருப்பீங்க."

ஃபர்ஹானா அவர ஒரு மாதிரி பாத்தாங்க. "ஏரி எங்க ஊருப் பக்கமே இருக்கேண்ணே."

சொல்லிட்டு மறுபடியும் கடல் கதைக்குப் போயிட்டாங்க. வேன் கோவளம் வந்து நின்ன பிறகும் பேச்சு நிக்கல. சைக்கிளை இறக்கிக் குடுத்தப்பகூட, "தண்ணி உப்புன்னு தெரியும், இவ்ளோ உப்புன்னு யாருமே சொல்லலையேண்ணே"ன்னுட்டுத்தான் போனாங்க.

கரையில பெனிட்டா மிதவைக் கயித்தைச் சுத்திக்கிட்டு இருந்தாங்க. அரசு போயி பையைக் குடுத்தாரு. உள்ள ஒத்தை சிப்பு. கயித்தோட இன்னொரு முனையைப் பிடிச்சுக்கிட்டாரு. ரெண்டு பேருமா சுத்தினாங்க.

"அழுதாங்க கோச்."

"அழுவாங்க சார்."

"நானா இருந்தாலும் அழுவேன்."

"அழுங்க."

அரசு கயித்தைக் கீழ வச்சாரு. "அப்புறம் வழி பூரா கடல் கடல்னு ஒரே பேச்சு. எல்லாம் சரி, இப்பவாவது சொல்லுங்க கோச். நான் எதுக்குப் பேரு குடுக்கிறது?"

பெனிட்டா கையில ஒட்டின மணலைத் தட்டிவிட்டுட்டு அவரப் பாத்தாங்க.

"பாதியில வேன்ல ஏத்தினாலும், வழி நெடுக எந்த ஊரப் பத்திப் பேசிட்டு வருவீங்களோ, அதுக்குக் குடுங்க சார்."